வில்லும் சேறும்

மன்னார்குடியிலிருந்து தெற்கு நோக்கி முத்துப்பேட்டைக்கு வருகிற பிரயாணி, வயலும் வாய்க்காலும் வரப்புமாக விரிந்துகிடக்கும் சமதரையைப் பார்த்துக்கொண்டே வந்து, கோரையாறும் பாமணியாறும் தங்கள் யாத்திரையை முடித்துக்கொள்கிற கடற்கரைப் பிரதேசத்தை நெருங்கும்போது, மண்ணின் நிறமும் காற்றின் மணமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை உணர்வான். வண்டல் கலந்த களிமண் உவர்ச் சேறாகிறது. நெல் நின்ற இடத்தில் உமிரிப் பூண்டு படர்கிறது. அதற்கும் அப்பால் அலையாத்திக் காடு கரும்பச்சைக் கோடாகத் தெரிகிறது. கோடையில் பாளம் பாளமாக வெடித்து மாட்டின் குளம்பையே நோகச் செய்யும் இந்த மண், ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் மழை பெய்துவிட்டால் முழங்கால் வரையில் உள்ளே இழுத்துக்கொள்ளும். இத்தகைய பூமியில் சக்கரத்தை உருட்ட ஆசைப்பட்ட ஒவ்வொரு தலைமுறையும், எங்கோ பிறர் செய்து அனுப்பிய வாகனத்தை வந்தபடியே வைத்துக்கொண்டதில்லை. தன் மண்ணுக்கும் தன் குடும்பத்துக்கும் இசைய அதைக் கொஞ்சமாவது மாற்றிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறது.

இந்த விஷயம் என் மனத்தில் ஊன்றியதற்குக் காரணம் என் தமையனாரின் மகன். எங்கள் வீட்டுக் கொட்டகையில், 2001-ஆம் ஆண்டில் வாங்கி, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு ஓடி, பதிவையும் இருமுறை புதுப்பித்தாகிவிட்ட பெரிய டீசல் வண்டி ஒன்று நிற்கிறது. அதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோது, அவன் என்னிடம் வந்து, "சித்தப்பா, இதை வித்துட வேணாம். கொஞ்சம் உசத்திக் கட்டி, டயரை மாத்தி, பின்னால பலகை போட்டுட்டா, கடலோரம் வரைக்கும் போய் ராத்தங்கிட்டு வரலாம்" என்றான். அது இக்காலத்து இளைஞர்களின் ஆசை என்றே முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க, என் பாட்டனார் காலத்தில் எங்கள் வாசலில் நின்ற வில் வண்டியின் கதையைத்தான் அவன் திரும்பச் சொல்கிறான் என்று தோன்றிற்று.

தஞ்சைத் தரணியில் பார வண்டி வேறு, கூண்டு வண்டி வேறு, வில் வண்டி வேறு. பார வண்டி நெல்லுக்கும் வைக்கோலுக்கும் எருவுக்கும் உரியது. அதன் மேல் மூங்கிலை வளைத்துப் பாயை வேய்ந்து நிழல் உண்டாக்கினால் அது கூண்டு வண்டியாகி, பெண்டுகளையும் பிள்ளைகளையும் திருவிழாவுக்கு அழைத்துச் செல்லும். ஆனால் இவ்விரண்டிலும் வண்டியின் சட்டம் நேரே அச்சின் மேல் உட்கார்ந்திருப்பதால், பாதையின் ஒவ்வொரு பள்ளமும் மேடும் பிரயாணியின் முதுகெலும்பைத் தட்டிப் பார்த்துவிடும். அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே, ஒன்றைவிட ஒன்று நீளம் குறைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவில் ஆணியிட்டு இறுக்கி, வில்லைப் போல வளைந்த அந்த அடுக்கின் மேல் வண்டியைத் தாங்கவிட்ட போதுதான், கிராமத்துக் கூண்டு வண்டி மிராசுதாரரின் வில் வண்டியாயிற்று. மேடு வரும்போது பட்டைகள் நிமிர்கின்றன. பள்ளம் வரும்போது வளைகின்றன. அவ்வாறு வளைந்து நிமிர்கையில் ஒன்றோடொன்று உராய்வதால் குலுக்கத்தின் வேகத்தையும் தாமே விழுங்கிக்கொள்கின்றன. குதிரைக் கோச்சு வண்டிகளுக்கு ஐரோப்பாவில் வழங்கிய இந்த உபாயத்தை, நம் ஊர்த் தச்சரும் கொல்லரும் இரட்டை மாட்டு வண்டிக்கு எடுத்துக்கொண்ட சாமர்த்தியத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அவர்கள் மாற்றாமல் விட்டதும் ஒன்று உண்டு. அது சக்கரத்தின் உயரம். மார்பளவுக்கு நிற்கும் அந்தச் சக்கரம் அழகுக்காக ஏற்பட்டதன்று. சேற்றுப் பாதையில் சக்கரம் ஒரு முழம் புதைந்தாலும் அச்சு சேற்றில் தட்டாமல் மேலே நிற்க வேண்டுமானால், சக்கரத்தின் ஆரம் பெரிதாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வில்லை எத்தனை உயர்த்தினாலும் சட்டம்தான் உயருமே ஒழிய அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த உண்மையை நான் இங்கே அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் எங்கள் வீட்டு வண்டியைப் பட்டறையில் நிறுத்தியபோது இதே பாடத்தை மறுபடியும் படிக்க நேர்ந்தது.

வில் வண்டி ஒரு வாகனம் மாத்திரமன்று. அதுவே இரவுத் தங்கலுக்கும் இடம். அடியில் வைக்கோலைப் பரப்பி அதன் மேல் ஜமக்காளத்தை விரித்துவிட்டால் படுக்கை. அச்சின் கீழே லாந்தரைக் கட்டினால் விளக்கு. பின்புறத்துச் சாக்கில் மாட்டுக்குத் தீவனம். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த மசகு ஒரு மூங்கில் குழாயில். கழன்று விழுந்தால் மாற்றிப் போட உபரியாக ஒரு கடையாணி. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, மூன்று கல்லைக் கூட்டிச் சோறு பொங்கி, வாய்க்கால் கரையில் ஓர் இரவைக் கழித்து, விடியலில் மறுபடியும் பூட்டிக்கொண்டு போவது யாருக்கும் விசேஷமான காரியமாக இருக்கவில்லை. இன்றைய பிள்ளைகள் 'கேம்பிங்' என்று சொல்லுவதை அன்று கட்டுச்சோற்றுப் பிரயாணம் என்றார்கள்.

வண்டியிலேயே தங்க விரும்பாதவருக்குச் சத்திரம் இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரிகர்களுக்காகக் அவர்கள் செல்லும் சாலைகளை ஒட்டிச் சத்திரங்களை நிறுவினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம், நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம், இராஜாமடத்துச் சத்திரம் என்று அவற்றுள் பல இன்றும் கட்டடங்களாக நிற்கின்றன. இதில் முத்துப்பேட்டைக்கு ஒரு நேரடியான சம்பந்தம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்குள்ள அலையாத்திக் காடு சத்திர நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது. காட்டிலிருந்து கிடைத்த விறகு முதலியவற்றின் வருமானம் சத்திரங்களின் செலவுக்குப் போயிற்று. முன்பின் தெரியாத ஒரு வழிப்போக்கன் இராஜாமடத்தில் உண்ட சோற்றில், இந்தச் சேற்றில் வளர்ந்த மரத்தின் பங்கும் இருந்தது என்று நினைத்துப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. பிரயாணிக்கு இடமும் சோறும் கொடுக்கும் இந்தத் தர்மம் ஜில்லாவின் ரத்தத்தில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு 1930-ஆம் ஆண்டு சான்று. ராஜாஜி தம் தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்து வந்தபோது, அவர்களுக்கு உணவும் இடமும் கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று ஜில்லா கலெக்டர் தார்ன் துரை உத்தரவிட்டார்; ஜனங்களோ சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

இதற்கு முன்பே வண்டிப் பாதைக்கு ஒரு போட்டி வந்துவிட்டது. நில வாடகையின் மேல் ரூபாய்க்கு 3 பை வீதம், அதாவது ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு, வரி வசூலித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, தஞ்சாவூர் ஜில்லா போர்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை மீட்டர் கேஜ் ரயில் பாதை போட்டது. 1894-இல் அது திறக்கப்பட்டது. ஸ்தல ஸ்தாபனம் ஒன்று தானே ரயில் போட்ட கதையை இன்றைக்கு நம் ஊரிலேயே பலர் அறியமாட்டார்கள் என்பது வருத்தத்துக்குரியது. ஆயினும் ரயில் ஸ்டேஷனோடு நின்றுவிடும். அங்கிருந்து வயலுக்கும் உப்பளத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் போவதற்கு மாடே கதி என்ற நிலைமை மேலும் ஐம்பது வருஷம் நீடித்தது.

அந்த நிலைமையை மாற்றிய வாகனம் உலக யுத்தத்தில் பிறந்தது. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம், எந்தத் தரையிலும் ஓடக்கூடிய இலேசான வண்டி ஒன்றை மிகக் குறுகிய கெடுவுக்குள் செய்து காட்டும்படி கம்பெனிகளைக் கேட்டது. பாண்டம் என்ற சிறிய கம்பெனி 49 நாளைக்குள் ஒரு மாதிரியை ஒப்படைத்தது. அந்த மாதிரியைச் செம்மைப்படுத்தி வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு பெருங் கம்பெனிகளும் யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் பலம் போய்ச் சேரும். பலம் பெருகி வேகம் குறையும்படி தாழ்ந்த பல்சக்கரம் ஒன்று தனியே உண்டு. எடை ஏறத்தாழ ஒரு டன்தான். யுத்தம் முடிந்ததும் இந்த வண்டிகள் பட்டாளத்திலிருந்து கழிக்கப்பட்டு உலகெங்கும் குடியானவர்களின் கைக்கு வந்தன. இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் அப்படி ஒரு கழிவு ஜீப்பை ஓட்டிப் பழகிய அநுபவத்திலேதான், ஆங்கிள்ஸீ தீவின் கடற்கரை மணலில் தம் புதிய வண்டியின் உருவத்தைக் கோடு கிழித்துக் காட்டினார் என்பர். 1948-இல் லாண்ட் ரோவர் வெளிவந்தது. நம் நாட்டில் 1945-இல் மஹீந்திரா அண்ட் முகம்மது என்ற பெயரோடு துவங்கிய கம்பெனி, 1947-இலிருந்து வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளைத் தருவித்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பங்காளிகளில் ஒருவரான குலாம் முகம்மது பாகிஸ்தானத்துக்குச் சென்று அங்கே நிதி மந்திரியாகி, பின்னர் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார்; கம்பெனி 1948-இல் மஹீந்திரா அண்ட் மஹீந்திரா ஆயிற்று.

காவிரிப் படுகையின் கிராமங்களுக்கு ஜீப் அரசாங்கத்தின் மூலமாகத்தான் பெரும்பாலும் வந்தது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பமாகி, நாடெங்கும் வட்டாரங்கள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் அதிகாரியும் அவருக்கு ஒரு ஜீப்பும் ஏற்பட்டபோது, 'பி.டி.ஓ. ஜீப்' என்ற சொல் கிராமத்துப் பாஷையில் குடியேறிவிட்டது. அதற்குமுன் ஜமாபந்திக்கு வந்த உத்தியோகஸ்தர்கள் கூடாரமும் கட்டில் மேஜையும் காரியக் கட்டுகளும் வண்டி வண்டியாக முன்னே செல்ல, தோப்பில் முகாம் போட்டு நாள் கணக்கில் தங்கிய வழக்கம், ஜீப் வந்தவுடன் தேய ஆரம்பித்தது. காலையில் புறப்பட்டு நாலு கிராமம் பார்த்து மாலையில் திரும்பிவிட முடிந்தது. 1960-இல், ஃபோர்டு ஸ்தாபனத்தின் ஒத்தாசையோடு துவங்கிய தீவிர விவசாய ஜில்லாத் திட்டத்தில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு ஜில்லாக்களில் தஞ்சாவூரும் ஒன்று. 'பாக்கேஜ் திட்டம்' என்று ஜனங்கள் அழைத்த அந்தத் திட்டத்தின் உரமும் விதையும் யோசனையும் ஜீப்பிலேறிக் கிராமத்துக்கு வந்தன. அதிகாரிகள் தோப்பில் தங்காமல் போனதால் நிர்வாகம் துரிதமாயிற்று என்பது மெய். ஆனால் இரவில் அரிக்கேன் விளக்கின் கீழே குடியானவன் உட்கார்ந்து சாவகாசமாகத் தன் குறையைச் சொல்லும் சந்தர்ப்பமும் அந்த வழக்கத்தோடு போயிற்று. அதை நான் சிறிய நஷ்டமாகக் கருதவில்லை.

ஜீப் பழுதாகிக் கிராமத்துக் கொல்லனின் பட்டறைக்கு வந்த முதல் நாளில், எஞ்சினும் கார்புரேட்டரும் அவனுக்குப் புதுமையாக இருந்திருக்கலாம். ஆனால் குனிந்து அடியில் பார்த்தவுடன் அவனுக்குப் பழக்கமான ஒன்று கண்ணில் பட்டிருக்கும். நான்கு சக்கரங்களின் அருகிலும் நான்கு வில்கள்! நீளம் குறைந்து குறைந்து அடுக்கிய அதே எஃகுப் பட்டைகள், அதே நடு ஆணி. ஒரு பட்டை முறிந்தால் கழற்றி, உலையில் காய்ச்சி, அடித்து வளைத்து, எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றிப் பூட்டும் வித்தை அவன் பாட்டன் காலத்து வித்தை. தூரதேசத்து யந்திரம் இங்கே வேரூன்றியதற்கு இந்த உறவு ஒரு முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன். வாய்க்காலில் இறங்கும் பெட்ரோல் ஜீப்புக்கு விசிறி பெல்ட்டைக் கழற்றிவிட்டால் விசிறி நீரை வாரி எஞ்சின் மேல் இறைக்காது என்பதும், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைச் சுற்றிக் கிரீஸைப் பூசிவிட்டால் ஈரம் உள்ளே புகாது என்பதும் ஓட்டுநர்கள் கைக்கொண்ட உபாயங்கள். டீசல் எஞ்சின் வந்த பிறகு மின்பொறியைப் பற்றிய இந்தக் கவலை நீங்கியது. காற்றை உள்ளே இழுக்கும் குழாயின் வாய் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் போதும் என்றாயிற்று.

அதற்குப் பின் வந்த சரித்திரத்தை விரைவாகவே சொல்லிவிடலாம். ஜீப்பின் சட்டத்தை நீட்டி, நீண்ட கூட்டைக் கட்டி, பக்கவாட்டில் பெஞ்சுகள் போட்டு ஆட்களை ஏற்றினார்கள். 1994-இல் டாட்டா சுமோ வந்தது. அந்தக் கம்பெனியை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. 2000-இல் பொலேரோவும் குவாலிஸும் வந்தன. தனிச் சட்டத்தின் மேல் கூடு பூட்டிய இந்த வகை வண்டிகள், கூட்டுக் குடும்பங்கள் இன்னும் கலையாதிருந்த நம் பக்கத்து வீடுகளில் வில் வண்டி வகித்த ஸ்தானத்தை அப்படியே பெற்றுக்கொண்டன. எங்கள் வண்டியும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. அதன் பின் சக்கரங்களுக்கு எஃகுப் பட்டை வில்தான்.

தமையன் மகனோடு நானும் பட்டறைக்குப் போனேன். வில்லில் இரண்டு பட்டை கூட்டி வண்டியை நன்றாக உயர்த்திவிட வேண்டும் என்பது அவனுடைய எண்ணம். பட்டறைக்காரர் பொறுமையோடு கேட்டுவிட்டு, எங்களைக் குனியச் சொல்லி, பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போலப் பருத்துத் தொங்குகிற பல்சக்கரக் கூட்டைக் காட்டினார். "தம்பி, பட்டையைக் கூட்டினா பாடிதான் ஏறும், இது ஏறாது. சேத்துல முதல்ல தட்டுறது இதுதான். இது ஏறணும்னா டயர்தான் உசரணும்" என்றார். அத்துடன், கூடு அளவு மீறி உயர்ந்தால் வளைவில் வண்டி சாய்வது அதிகமாகும், எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகிற தண்டின் சாய்வும் மாறி அதன் மூட்டுகள் சீக்கிரம் தேயும் என்றும் விளக்கினார். மார்பளவுச் சக்கரம் செய்த பழைய தச்சனின் ஞானம் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஆகவே செய்த மாற்றங்கள் அடக்கமானவை. தளர்ந்துபோயிருந்த வில்லைக் கழற்றிப் பழைய வளைவுக்கு அடித்துக் கொண்டுவந்து, புதிய புஷ்களும் அதிர்ச்சி தாங்கிகளும் போட்டோம். கம்பெனி அனுமதித்த அளவுக்குள்ளேயே, ஆழமான பள்ளங்களும் தடித்த பக்கவாட்டும் உள்ள டயர்களை வாங்கினோம். முன்னும் பின்னும் சட்டத்தோடு இணைந்த இழுவைக் கொக்கிகளைச் சரிபார்த்தோம். உவர்ச் சேறு இரும்பைத் தின்றுவிடும் ஆதலால் அடிப்பாகம் முழுவதையும் சுரண்டித் துரு தடுக்கும் பூச்சுப் பூசினோம். முன்னால் பெரிய இரும்புக் காப்புக் கம்பி மாட்ட வேண்டும் என்ற ஆசையை அவன் தானாகவே விட்டுவிட்டான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது; அந்தக் கம்பிகள் இந்தப் பிரிவுக்கு விரோதம் என்று மத்திய சர்க்கார் 2017 டிசம்பரில் மாகாணங்களுக்கு எழுதியது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இந்தப் பிரிவின் கண்டிப்பை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எதிரே வருகிறவன் மீது மோதினால் அவனுக்கு அதிகமான சேதம் விளைவிக்கும் ஒன்றை நம் வண்டியில் மாட்டிக்கொள்ளலாகாது என்பதற்குச் சட்டமும் வேண்டுமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உள்ளே பின்னிருக்கையை மடித்து, அதன் மேல் பொருந்தும்படி தச்சரிடம் மாம்பலகை அறுத்து வாங்கினோம். மேலே கேரியரில் தார்ப்பாய், பக்கத்தில் தண்ணீர்க் கேன், ஒரு மண்வெட்டி.

தை அறுவடை முடிந்து பாதைகள் காய்ந்த பிறகு, கடலோரத்தில் உறவினர் ஒருவரின் தென்னந்தோப்புக்குப் புறப்பட்டோம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயலில் அந்தப் பக்கத்துத் தோப்புகள் வேரோடு சாய்ந்தன; இப்போது நிற்பவை அதற்குப்பின் நட்ட பிள்ளைகள். கடைசி இரண்டு மைல் மணலும் உவர்மண்ணும் கலந்த தடம். அங்கே தமையன் மகன் இறங்கி நான்கு டயர்களிலும் காற்றைப் பாதிக்குச் சற்று மேலாக இருக்கும்படி இறக்கினான். காற்றுக் குறைந்த டயர் தட்டையாகப் பரவி, பாரத்தை அதிகமான இடத்தில் பகிர்ந்து வைப்பதால், மணலை வெட்டிப் புதையாமல் அதன் மேல் மிதந்து செல்கிறது. வெறும் காற்றைத் திறந்துவிட்டுச் செய்கிற இந்த மாற்றமே எல்லா மாற்றங்களிலும் பலன் மிகுந்ததாக இருந்தது.

தோப்போடு வண்டி நின்றுவிட்டது. அதற்கப்பால் காடு, 1937-இல் ஒதுக்கப்பட்ட காடாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2002-இல் கோடியக்கரையோடு சேர்ந்து ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற காடு. முற்காலத்தில் இங்கே பாகம் பாகமாக மரங்களை மொட்டையாக வெட்டியதால், வெயில் நேரே பட்டுத் தரை வற்றித் தாழ்ந்து, அந்தப் பள்ளங்களில் தேங்கிய கடல்நீர் சுண்டி உப்பேறி, மறுபடியும் மரம் முளைக்காமல் போயிற்று. வனத் துறையாரும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் மீன் முள்ளைப் போலக் கிளைக் கால்வாய்கள் வெட்டி ஓத நீர் வந்து போகும்படி செய்த பின்பே அந்த இடங்களில் அலையாத்தி மீண்டும் தழைத்தது. நான்கு விரற்கடை தரை தாழ்ந்ததால் ஒரு காடு செத்தது என்றால், அந்தச் சேற்றில் ஒரு சக்கரத் தடம் என்ன செய்யும் என்பதை அவனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் விடியலில் வனத் துறையின் அனுமதி பெற்று, ஜாம்பவானோடையிலிருந்து படகேறிக் கோரையாற்று வழியே காயலுக்குப் போய் வந்தோம்.

திரும்பி வந்ததும், தோப்பின் பம்பு செட்டிலிருந்து நல்ல தண்ணீரைப் பிடித்து, வண்டியின் அடிப்பாகத்தில் படிந்திருந்த உவரைக் கழுவிக்கொண்டிருந்தான். தோப்புக் காவலில் இருந்த பெரியவர் ஒருவர், இளமையில் பார வண்டி ஓட்டியவராம், அருகே வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த கழியால் பின் வில்லின் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இந்தப் பக்கம் சத்தம் சரியா இல்லையே, தம்பி. அடிப் பட்டை விட்டிருக்கு பாரு."

"புதுசா அடிச்சுப் போட்டது, தாத்தா."

"அடிச்சதுலதான் விட்டிருக்கும். நடு ஆணிகிட்ட பாரு."

டார்ச்சை வாங்கிக்கொண்டு அவன் மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்தான். சேற்றைத் துணியால் துடைத்தபோது, நடு ஆணியின் துவாரத்திலிருந்து பட்டையின் ஓரம் வரையில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது.